கையில் பச்சை, நெற்றியில் திருநீறு: யாரை நம்புகிறோம்?

(குடும்பங்களுக்காக நடந்த ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

முன்பின் தெரியாத இரண்டு பேர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். இன்னொருவர் இரண்டு கைகளிலும் முழங்கை வரை பச்சை குத்தியவர். யாரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வீர்கள்? யாரை வாசலிலேயே நிறுத்திப் பேசுவீர்கள்? சத்தமாகப் பதில் சொல்ல வேண்டாம். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இது ஏதோ குணம், பண்பாடு பற்றிய பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். இது நம் வயிற்றுப்பாட்டு விஷயம். கையில் இருக்கும் பச்சையைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு வேலை மறுக்கிறார்கள், ரோட்பிளாக்கில் தனியாக இறக்கி நிறுத்துகிறார்கள். நெற்றியில் இருக்கும் திருநீற்றைப் பார்த்து நம் தாய்மார்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் தூக்கிக் கொடுத்து ஏமாறுகிறார்கள். ஒன்றில் நம்மைத் தப்பாகப் படிக்கிறார்கள். மற்றொன்றில் நாமே தப்பாகப் படிக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடொரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறிமுகமே இல்லாத முகங்களின் படங்களைக் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா என்று கேட்டார்கள். சில முகங்களை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டினார்கள். கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள்ளேயே தீர்ப்பு விழுந்துவிட்டது! கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தான் சொன்னது சரிதான் என்ற உறுதி மட்டும் கூடியது. நேரம் கொடுத்தால் மனிதன் யோசிப்பான் என்று நாம் நினைக்கிறோம். பல சமயம் அவன் முதலில் நினைத்ததற்கு இன்னும் இரண்டு காரணம் தேடிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

அது வெறும் முகத்துக்கு. அந்த முகத்தில் ஒரு பொட்டு, கழுத்தில் ஒரு சிலுவை, தலையில் ஒரு தொப்பி, கையில் ஒரு பச்சை சேர்ந்தால் என்ன ஆகும்?

நம் நாட்டில் ஒரே கையை நாலு பேர் நாலு விதமாகப் படிக்கிறார்கள். ஒரு தம்பி முன்கையில் வேலும் மயிலும் குத்தியிருக்கிறான். அவன் அம்மா பார்த்துவிட்டு முதலில் திட்டுவார், பிறகு, 'சரி, சாமி படம்தானே, முருகன் கூடவே இருப்பான்' என்று தேற்றிக்கொள்வார். தொழிற்சாலையில் மலாய்க்கார மேற்பார்வையாளர் பார்க்கிறார். உடம்பில் நிரந்தரமாகப் பச்சை குத்துவது கூடாது என்பது பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. மருதாணிக்குத் தடை இல்லை, அது அழிந்துவிடும். ஆகவே அவர் கண்ணுக்கு அந்த வேல் பக்தியாகத் தெரிவதில்லை. மார்க்கம் தடுத்த ஒன்றைச் செய்தவன் என்றே படலாம். சீன முதலாளி பார்க்கிறார். அவருடைய அப்பா காலத்தில் உடம்பில் படம் வரைந்தவன் என்றால் இரகசியக் கும்பல்காரன். சரவாக்கிலிருந்து வேலைக்கு வந்த இபான் நண்பர் பார்க்கிறார். அவருடைய சொந்தத் தோள்களிலேயே 'புங்காய் தெருங்' என்ற கத்தரிப்பூ வடிவம் இருக்கக்கூடும். வீட்டை விட்டுப் புறப்பட்டு, வெளியூரில் உழைத்து, உலகம் தெரிந்து வரும் இளைஞனுக்கு உரிய அடையாளம் அது. அவர் நம் தம்பியைப் பார்த்துச் சிரித்து, 'யார் குத்தியது?' என்று கேட்பார்.

மை ஒன்று. கை ஒன்று. நாலு தீர்ப்பு. அந்தத் தம்பி யோக்கியனா, வேலைக்கு ஒழுங்காக வருவானா, பணப்பெட்டியில் கை வைப்பானா? இந்த நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது நம் பக்கம் வருவோம். தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்குப் பாட்டியின் கை நினைவிருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புள்ளிக் கோலம், தேர், சில கைகளில் வீட்டுக்காரர் பெயர். பச்சை நிறம் மங்கி, தோல் சுருங்கி, அதையும் மீறித் தெரியும். நகை அடகுக் கடைக்குப் போகும், பச்சை போகாது. கட்டையில் போகும்போது கூட வருவது அது ஒன்றுதான் என்று அந்தப் பாட்டிமார்கள் சொல்வார்கள். பால்மரம் வெட்டிய அந்தக் கைகளைப் பார்த்து யாராவது 'ரௌடி' என்று சொன்னோமா? அந்தக் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டோம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தப் பச்சையைக் குத்திய பெண்கள் பெரும்பாலும் குறவர் இனத்தவர். ஊர் ஊராக நடந்து, கூடை முடைந்து, குறி சொல்லி, பச்சை குத்திப் பிழைத்தவர்கள். வெள்ளைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டான். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதில் குறவர்களையும் சேர்த்தான். குற்றம் செய்தார்களா இல்லையா என்ற விசாரணை வேண்டாம், அந்த இனத்தில் பிறந்ததே போதும் என்றான். நம் பாட்டிகளுக்கு அழகு கொடுத்த கைகளுக்கு அரசாங்கம் கொடுத்த பெயர் குற்றவாளி.

இதற்கும் முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1797-இல் வங்காளத்தில் கம்பெனி ஆட்சி ஒரு விதி போட்டது. ஆயுள் தண்டனை பெற்ற கைதியின் நெற்றியில் அவன் பெயரையும் செய்த குற்றத்தையும் பச்சையாகக் குத்த வேண்டும் என்று. 'கோத்னா' என்று அதைச் சொன்னார்கள். எங்கே ஓடினாலும் நெற்றி காட்டிக் கொடுக்கும்! 1849-இல்தான் இந்த வழக்கம் ஒழிக்கப்பட்டது. இடையில் அரை நூற்றாண்டு. அந்தக் கைதிகளில் பலரைக் கப்பலேற்றி அனுப்பிய இடங்களில் பினாங்கும் சிங்கப்பூரும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பினாங்குக்கு வந்தார்கள். 1825-இல் சிங்கப்பூருக்கு வந்தார்கள். வங்காளத்திலிருந்து மட்டும் அல்ல, சென்னை மாகாணத்திலிருந்தும் வந்தார்கள். காடழித்துச் சாலை போட்டார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் இந்தியக் கைதிகளின் உழைப்புதான். நெற்றியில் குத்திய எழுத்தை மறைக்கத் தலைப்பாகையைக் கீழே இறக்கிக் கட்டியவர்களும், முடியை முன்னால் வளர்த்து விட்டவர்களும் உண்டு.

இதில் வேடிக்கை எங்கே என்றால், காவலுக்கு ஆள் வைக்க அரசாங்கத்துக்குக் காசு போதவில்லை. ஆகவே கைதிகளையே கைதிகளுக்குக் காவல் போட்டார்கள். பல ஆண்டு ஒழுங்காக நடந்தவனைத் தேர்ந்து, மேலாளாக்கி, மற்றவர்களை அவன் பொறுப்பில் விட்டார்கள். அந்த முறை எவ்வளவு நன்றாக நடந்தது என்று, அதை நிர்வகித்த மக்நேர் என்ற அதிகாரி 1899-இல் ஒரு புத்தகமே போட்டார். 'கைதிகளே தங்களுக்குக் காவலர்' என்பது அதன் தலைப்பின் பொருள். யோசித்துப் பாருங்கள். நம்பாதே என்று மனிதனின் நெற்றியில் எழுதியதும் அரசாங்கம். நடத்தையைப் பார்த்துச் சாவியை அவன் கையில் கொடுத்ததும் அதே அரசாங்கம்! 1873-இல் சிங்கப்பூர் கைதிக் குடியிருப்பு முடிவுக்கு வந்தது.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டு, அவை சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. எண்களைப் பெயராகக் கொண்ட கும்பல்கள் அதில் பல. உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. நாட்டின் மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது, தோட்டங்கள் மூடப்பட்டபோது வீடும் வேலையும் இல்லாமல் வெளியே தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யார் யோசித்தார்கள் என்பதெல்லாம் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டியவை. இன்றைய பேச்சுக்கு ஒன்று மட்டும் போதும். அந்த அறிவிப்புக்குப் பிறகு கறுத்த தோலில் பச்சை என்றாலே எண் என்று தேடும் கண்கள் கூடிவிட்டன. வேல் குத்தியவனையும் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள்.

நம் சேவை மையத்துக்கு வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். கிடங்கு ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டும் வேலை. ஓட்டும் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கிறான், முன்பு வேலை செய்த இடத்தில் நாலு ஆண்டு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. நேர்காணல் நன்றாகத்தான் போயிருக்கிறது. அறையில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லையாம், சட்டைக் கையை மடித்து விட்டிருக்கிறான். முன்கையில் காளியம்மன். எதிரே உட்கார்ந்திருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு, 'நீ எந்தக் குழு?' என்று கேட்டாராம். இவன் 'அது எங்கள் குலதெய்வம்' என்றிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, 'கூப்பிடுகிறோம்' என்று சொல்லி அனுப்பினார். கூப்பிடவில்லை.

அந்தத் தம்பி என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, நான் கழுத்தில் அதே காளியம்மன் டாலர் போட்டுப் போயிருந்தால் பக்திமான். தோலில் போட்டதால் குண்டனா?"

நல்ல கேள்வி. சட்டத்திடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். மலேசியாவின் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் 8-வது விதியில் மதம், இனம் போன்ற காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசையும் பொது அமைப்புகளையும். தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69எப் என்று ஒரு புதிய பிரிவு நடப்புக்கு வந்திருக்கிறது. வேலையிடப் பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். நல்லதுதான். ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராற்றைப் பற்றிப் பேசுகிறது. வேலையே கிடைக்காமல் வாசலோடு திரும்பியவன் கதவைத் தட்ட அதில் தெளிவான இடம் இல்லை. சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனம், மதம், மொழி எல்லாம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. பச்சை இல்லை. மதத்துக்குப் பாதுகாப்பு உண்டு, மைக்குப் பாதுகாப்பு இல்லை. தோலில் குத்திய காளியம்மன் இதில் எந்தப் பக்கம்? நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால்தான் தெரியும்.

இதுவரை கைதட்டினீர்கள். இனிமேல் சொல்லப்போவது அவ்வளவு பிடிக்காது.

மொரிஷியஸ் தீவு உங்களுக்குத் தெரியும். நம்மைப் போலவே கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர்கள் அங்கே பெரும்பான்மை. தைப்பூசத்துக்கு அங்கேயும் காவடி எடுக்கிறார்கள். அந்தத் தீவில் இந்துக்களிடமும் கிறிஸ்தவர்களிடமும் நடத்திய ஒரு ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 97 பேருக்கு முகப்படங்களைக் காட்டினார்கள். சில முகங்களில் மதச் சின்னம் இருந்தது, சிலவற்றில் இல்லை. எவ்வளவு நம்புவீர்கள் என்று கேட்டதோடு விடவில்லை. கையில் பணத்தைக் கொடுத்து, இந்த முகங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்றார்கள். வாயால் நம்புவது வேறு, பணத்தால் நம்புவது வேறு அல்லவா? முடிவு என்ன தெரியுமா? மதச் சின்னம் இருந்த முகத்துக்குக் கூடுதல் பணம் போனது, ஆனால் சொந்த மதத்துக்காரரிடமிருந்து மட்டும். அமெரிக்க மாணவர்களிடம் முன்பு நடந்த ஆய்வுகளில், பக்திமான் யாராக இருந்தாலும் நம்பிக்கை கொஞ்சம் கூடுகிறது என்று கண்டிருந்தார்கள். மொரிஷியஸில் அப்படி இல்லை.

இன்னொன்றையும் கண்டார்கள். என்னை உறுத்தியது அதுதான். தன் இனத்து முகத்தில் அடுத்த மதத்தின் சின்னத்தைப் பார்த்தால், அந்த முகத்தின் மேல் நம்பிக்கை குறைந்தது.

இங்கே யாருக்காவது புரியாமல் இருக்கிறதா? தமிழ்ப் பெண் கழுத்தில் சிலுவையோடு வந்தால் நம் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? 'மதம் மாறினவங்க, எதற்கும் ஜாக்கிரதை.' தமிழ் முஸ்லிம் பெரியவர் தொப்பியோடு வந்து வாடகைக்கு வீடு கேட்டால்? நாம் வாடகைக்கு வீடு தேடிப் போகும்போது 'இந்தியர் வேண்டாம்' என்று எழுதியிருப்பதைப் படித்துக் கொதிக்கிறோம். அதே வாயால் சொந்த மொழி பேசுகிறவரிடம் மதத்தைக் கேட்கிறோம். தோட்டத்தில் ஒரே லயத்தில் மூன்று மதத்துக்காரர்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சனம் நாம்!

அடுத்தது பணம். இதைச் சொல்லும்போது சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். குனிய வேண்டியதில்லை, ஏமாற்றியவன்தான் குனிய வேண்டும்.

கூட்டு கட்டுவது நம் தாய்மார்களுக்குப் பழக்கமான விஷயம். மலாய்க்காரர்கள் 'குத்து' என்று சொல்வதும் நம் கூட்டுதான். நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே நம் சொல் இருக்கிறது: 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம். கூட்டைத் தொழிலாக நடத்துவது குற்றம் என்பது அந்தச் சட்டம். ஆனாலும் நடக்கிறது. ஏன்? வங்கியில் நமக்குக் கடன் கொடுப்பதில்லை, பிள்ளையின் பள்ளிச் செலவு காத்திருக்காது. யாரிடம் கட்டுகிறோம்? கணக்குப் புத்தகம் வைத்திருப்பவரிடமா? இல்லை. 'அவங்க வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவங்க', 'அவர் ஒவ்வொரு வருஷமும் காவடி எடுக்கிறவர்', 'வீட்டில் பெரிய சாமி அறை இருக்கு'. இதுதான் நாம் கேட்கும் உத்தரவாதம்!

தங்க முதலீடு, இணைய முதலீடு, மாதத்துக்கு இவ்வளவு சதவீதம் என்று வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் கூட்டத்தைத் தேவாரத்தோடு தொடங்குகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஜெபத்தோடு தொடங்குவார்கள். மொரிஷியஸ் ஆய்வாளர்கள் எழுதுவதற்கு வெகு காலம் முன்பே மோசடிக்காரன் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டான். சொந்த மதத்தின் சின்னத்தைக் காட்டு, பை தானாகத் திறக்கும்.

வள்ளுவர் ஏமாளி அல்ல. கூடாவொழுக்கம் என்று ஒரு அதிகாரமே வைத்தார். துறவிக் கோலத்துக்குள் ஒளிந்துகொள்கிறவனைப் பற்றியது. இன்னொரு அதிகாரம் தெரிந்துதெளிதல். ஆளை ஆராயாமல் நம்பக் கூடாது, ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படவும் கூடாது என்பது அதன் சாரம். நாம் மண்டபத்தில் வள்ளுவர் படத்துக்கு மாலை போடுகிறோம், வெளியே வந்ததும் கோலத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம்.

ஆராய்வது என்றால் எப்படி? இரசீது கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். முதலீடு என்றால் பேங்க் நெகாரா வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோயிலோ சங்கமோ சங்கப் பதிவிலாகாவில் பதிந்தது என்றால் ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டிய கடமை அதற்கு உண்டு. பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் எழுந்து கணக்கைக் காட்டச் சொல்வது அவமரியாதை ஆகாது. காட்டுகிறவர் நெற்றியில் திருநீறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு கணக்குதான். கேட்டவுடன் கோபப்பட்டு, 'என்னையே சந்தேகப்படுகிறாயா, நான் சாமி கும்பிடுகிறவன்' என்று சொன்னால், அம்மா, பையை மூடிக்கொண்டு எழுந்து வாருங்கள்.

தம்பிகளே, இப்போது உங்களுக்கு.

பச்சை குத்தாதே என்று சொல்ல நான் வரவில்லை. உன் உடம்பு, உன் விருப்பம். ஆனால் எண் குத்தாதே. கும்பலின் எண்ணும் காளியம்மனும் ஒன்றல்ல. முதலாளியும் போலீசும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது அநியாயம் என்று நாங்கள் போராடுகிறோம். எண்ணைக் குத்திக்கொண்டு வந்து நின்றால் எங்கள் வாதத்தை நீயே கெடுக்கிறாய். தடை செய்யப்பட்ட கும்பலில் உறுப்பினராக இருப்பது 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்படி குற்றம். நீதிமன்றத்துக்கு வழக்குப் போனால் கையில் இருப்பது என்ன, நீ செய்தது என்ன என்று வாதாடலாம். ஆனால் 2014-இல் திருத்தத்தோடு மறுபடி பல் முளைத்த குற்றத் தடுப்புச் சட்டம், போக்கா, ஒருவரை நீதிமன்ற விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டு வரை தடுத்து வைக்க இடம் தருகிறது. விசாரணை இல்லாத இடத்தில் கையில் இருக்கும் மைக்கு எவ்வளவு எடை வரும் என்று நீயே யோசி. பதினைந்து வயதில் நண்பர்களோடு சேர்ந்து குத்தியது முப்பது வயதில் குழந்தையைத் தூக்கும்போதும் இருக்கும்.

குத்திவிட்டேன், அழிக்க வேண்டும் என்கிறவர்கள் ஒன்று கேளுங்கள். ஆசிட், சூடு, உப்பு வைத்துத் தேய்ப்பது, இந்தக் கொடுமைகளைச் செய்யாதீர்கள். நம் கறுத்த தோலில் புண் ஆறும்போது தழும்பு தடித்து மேடாக வளர வாய்ப்பு அதிகம். மை போகும், அதைவிடப் பெரிய அடையாளம் வரும். லேசர் முறையில் அழிப்பதற்குப் பல தடவை போக வேண்டும், செலவும் ஆகும். நம் நிறத்துக்கு ஏற்ற கருவி உள்ள தோல் மருத்துவரிடம் போக வேண்டும், தவறான கருவி தோலின் நிறத்தையே வெளுக்க வைத்துவிடும். காசு இல்லையென்றால் அதே இடத்தில் பூவோ இலையோ வரைந்து எண்ணை மூடிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

நேர்காணலுக்கு முழுக்கைச் சட்டை போட்டுப் போ. அது கோழைத்தனம் இல்லை. முன்பு வேலை செய்த இடத்தில் மேற்பார்வையாளரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி வைத்துக்கொள். இபிஎப் அறிக்கையில் எத்தனை மாதம் தொடர்ந்து பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று இருக்கும். நாலு ஆண்டு ஒரே இடத்தில் உழைத்தவன் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. நெற்றியும் பேசாது, கையும் பேசாது, அந்தத் தாள் பேசும்.

தாய்மார்களே, பெண் கொடுக்கும்போதும் இதையே செய்யுங்கள். மாப்பிள்ளை கையில் பச்சை இருக்கிறது என்று சொல்லி ஒரு நல்ல பிள்ளையைத் தள்ளிவிட்டு, பொட்டும் பூணூலுமாக வந்தவனுக்குக் கட்டிக் கொடுத்து, அடி வாங்கித் திரும்பிய பெண்களுக்கு நம் மையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவனுடைய கையைப் பார்க்காதீர்கள், அவன் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று பாருங்கள். அவனோடு வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று இரவு பன்னிரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டீர்கள். பாலாய்க்குப் போனதும் முதலில் பிள்ளையிடம், 'பச்சையைப் பார்த்துத்தான் பிடித்தார்களா' என்று கேட்டு அழுதுகொண்டு நிற்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகக் கைது என்று அதிகாரியிடம் கேளுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் வழக்கறிஞரைப் பார்க்க உரிமை உண்டு என்பதும் அரசியலமைப்பின் 5-வது விதியில் இருக்கிறது. விசாரணையைத் தொடங்குவதற்கு முன் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும் என்று 2007 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. எந்த விதிவிலக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் ஒய்பிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் காவல் நீட்டிப்பு விசாரணைக்கு இலவசமாக வருகிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். அதிகாரியின் பெயர், எண், நேரம், இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உடம்பில் இருக்கும் பச்சையையும் தழும்பையும் நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உள்ளே போகும்போது என்ன இருந்தது, வெளியே வரும்போது என்ன இருக்கிறது என்று சொல்ல அந்தத் தாள் வேண்டும்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். இந்த உரிமைகளைத் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம். பின்வரிசையில் கை தூக்கும் தம்பி முதலில் கேட்கட்டும்.